திரு-ன்னு ஆரம்பிக்கிற ஊரையெல்லாம் அகர வரிசையில அடுக்குறது எப்படி

எங்க அக்கா பொண்ணு குரூப் 4-க்கு படிச்சிட்டிருக்கா. போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணி, "சித்தி, அகர வரிசைல முதல் எழுத்து வேற வேறயா இருந்தா டக்குன்னு போட்டுடறேன், ஆனா எல்லா வார்த்தையும் ஒரே மாதிரி ஆரம்பிச்சா எதை முதல்ல வைக்கறதுன்னே தெரியல, ஏதோ குத்துமதிப்பா டிக் பண்ணிட்டு வரேன்"ன்னா. எனக்கு மனசு கேக்கல. ஒரு கேள்விக்கு 1.5 மார்க், இது புரிஞ்சுட்டா தப்பே ஆகாத கேள்வி, இதைப் போய் குத்துமதிப்பா விட்டா எப்படி. சரி ஒரு பேப்பர் எடுத்துக்கோன்னு சொல்லி நான் அவளுக்குக் குடுத்தது நம்ம மாவட்டங்களைத்தான். தமிழ்நாட்டுல இருக்கிற 38 மாவட்டத்துல ஏழு மாவட்டம் திரு-ன்னு ஆரம்பிக்குது. திருவாரூர், திருப்பூர், திருவண்ணாமலை, திருநெல்வேலி, திருவள்ளூர், திருச்சிராப்பள்ளி, திருப்பத்தூர். இந்த ஏழையும் சரியா அடுக்கிட்டீங்கன்னா மீதி எதையும் அடுக்கிடலாம், ஏன்னா இதுல எல்லா சிக்கலும் இருக்கு.

நீங்களும் ஒரு பேப்பர்ல அடுக்கி வச்சுட்டு கீழ படிங்க.

முதல்ல ஒரு விஷயம். அடுக்குறதுக்கு முன்னாடி எழுத்து வரிசை மனசுல ஓடணும், பாதி பேருக்கு இங்கயே தட்டுது. உயிர் பன்னெண்டும் எல்லாருக்கும் தெரியும், மெய் பதினெட்டுல க ங ச ஞ ட ண த ந ப ம வரைக்கும் பாட்டு மாதிரி வந்துடும், அதுக்கப்புறம் ய ர ல வ-ன்னு சொல்லிட்டு ழ-வா ள-வா, ற எங்க, ன எங்கன்னு நிப்பாங்க. இந்த வரிசைக்குள்ளயே ஒரு ஒழுங்கு இருக்கு, அதைப் பாத்துட்டா மறக்காது. ஒரு வல்லினம், உடனே அதோட சேந்து வர்ற மெல்லினம். க-வுக்கு ங, ச-வுக்கு ஞ, ட-வுக்கு ண, த-வுக்கு ந, ப-வுக்கு ம. பங்கு, பஞ்சு, பண்டம், பந்து, பம்பரம்னு சொல்லிப் பாருங்க, ஜோடி ஜோடியா வாயில வரும். இந்த அஞ்சு ஜோடி முடிஞ்சதும் இடையினம் ஆறும் மொத்தமா வரும், ய ர ல வ ழ ள. ஆறாவது ஜோடி மட்டும் தனியா கடைசில நிக்குது, ற-வும் ன-வும், அதுக்கு வார்த்தை பன்றி. தொல்காப்பியத்தோட முதல் சூத்திரமே எழுத்துங்கிறது அகரம் முதல் னகரம் வரைக்கும் முப்பதுன்னுதான் ஆரம்பிக்குது, அதனால ன-தான் கடைசின்னு கல்லுல வெட்டின மாதிரி வச்சுக்கோங்க. மூணு சுழி ண நடுவுல, ரெண்டு சுழி ன கடைசில, தந்நகரம் ந-வும் நடுவுல. இந்த மூணுல குழம்பினா பாதி விடை தப்பாயிடும்.

நான் மனப்பாடம் பண்றதுக்கு ஒரு வார்த்தைத் தொடர் வச்சிருக்கேன், எல்லாமே ப-வுல ஆரம்பிக்கும், ரெண்டாவது எழுத்து மட்டும் பதினெட்டு மெய்யும் வரிசையா வரும். பகல், பங்கு, பசி, பஞ்சு, படம், பணம், பதில், பந்து, பப்பாளி, பம்பரம், பயிர், பரிசு, பலகை, பவளம், பழம், பளிங்கு, பறவை, பனை. காலையில சமையல் பண்ணும்போது ரெண்டு தடவை சொல்லிப் பாருங்க, மூணாவது நாள் தானா வந்துடும். முக்கியமா அந்தக் கடைசி எட்டு, பயிர்ல இருந்து பனை வரைக்கும், அதுதான் தங்கம்.

இப்ப அடுக்குற முறைக்கு வருவோம்.

தமிழ்ல ஒரு எழுத்துன்னு நாம பாக்கறது பெரும்பாலும் ரெண்டு எழுத்து ஒட்டினது. வா-ங்கிறது வ்-உம் ஆ-உம். அடுக்கும்போது முதல்ல மெய்யைப் பாக்கணும், மெய் ஒண்ணா இருந்தா அதோட ஒட்டியிருக்கிற உயிரைப் பாக்கணும், அதுவும் ஒண்ணா இருந்தா மட்டும்தான் அடுத்த எழுத்துக்குப் போகணும். எங்க முதல் வித்தியாசம் வருதோ அங்க நின்னுடணும், அதுக்குப் பின்னாடி என்ன இருந்தாலும் கண்ணெடுத்துப் பாக்கக்கூடாது. முறை இவ்வளவுதான், ஆனா இதை விடாம செய்யறதுதான் கஷ்டம், ஏன்னா கண்ணு தானா முன்னாடி ஓடும். விரலால பின்பாதியை மறைச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா திறந்து பாக்கச் சொல்லி எங்க பொண்ணுகிட்ட சொன்னேன், சின்னப்பிள்ளைத்தனமா தெரியலாம், ஆனா வேலை செய்யுது.

ஏழு மாவட்டத்துக்கு வாங்க. திரு எல்லாத்துக்கும் பொது, அதை மறைச்சுடுங்க. மிச்சம் இருக்கிறது வாரூர், ப்பூர், வண்ணாமலை, நெல்வேலி, வள்ளூர், ச்சிராப்பள்ளி, ப்பத்தூர். ஆரம்ப மெய்யை மட்டும் பாருங்க, ச், ந், ப், வ் நாலுதான் இருக்கு. ச் ஒண்ணே ஒண்ணு, அது முதல், திருச்சிராப்பள்ளி. அடுத்து ந், திருநெல்வேலி. அடுத்து ப்-ல ரெண்டு பேர், ரெண்டுலயும் முதல்ல ப் இருக்கு, அதுக்கப்புறம் ஒண்ணுல ப, இன்னொண்ணுல பூ, அகரம் ஊகாரத்துக்கு முன்னாடி, அதனால திருப்பத்தூர் முதல்ல, திருப்பூர் அடுத்து. கடைசியா வ்-ல மூணு பேர், இங்கதான் எங்க பொண்ணு தப்பு பண்ணா. திருவாரூர், திருவண்ணாமலை, திருவள்ளூர்ல திருவாரூரைத் தூக்கி நடுவுல வச்சா. ஏன்னு கேட்டா "ண-வுக்கு அப்புறம் ர, ர-வுக்கு அப்புறம்தானே ள"ங்கிறா. அவ வரிசையைத் தெரிஞ்சுதான் வச்சிருக்கா, ஆனா வா-வுல இருக்கிற காலைப் பாக்காம தாண்டிட்டா. வ முடிஞ்சாதான் வா. வ-வுல ஆரம்பிக்கிற அத்தனையும், வனம் வரைக்கும், முடிஞ்சதுக்கு அப்புறம்தான் வா-வுல ஒரு வார்த்தை உள்ள வர முடியும். அதனால திருவண்ணாமலை, திருவள்ளூர், அப்புறம் திருவாரூர். ண ள-வுக்கு முன்னாடிங்கிறது உங்களுக்கு இப்ப தெரியும்.

ஆக வரிசை இது: திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி, திருப்பத்தூர், திருப்பூர், திருவண்ணாமலை, திருவள்ளூர், திருவாரூர்.

அந்தக் கால் தாண்டற தப்பு ரொம்ப பேர் பண்றது, அதனால இன்னொரு தடவை சொல்றேன். கனவு, காகம் ரெண்டையும் குடுத்தா சில பேர் காகத்தை முதல்ல வைப்பாங்க, ன கடைசி எழுத்து, க முதல் எழுத்துன்னு. அப்படி இல்ல. பிரிச்சு எழுதிப் பாருங்க, க்+அ+ன்+அ+வ்+உ, க்+ஆ+க்+அ+ம். க் ஒண்ணு, அடுத்து அ-வும் ஆ-வும், அங்கயே கதை முடிஞ்சுது, கனவுதான் முதல். சந்தேகம் வந்தா இப்படிப் பிரிச்சு எழுதறது ஒண்ணுதான் வழி, பரிட்சை ஹால்ல ஓரத்துல எழுதிப் பாக்க பத்து செகண்டுதான் ஆகும்.

உயிர்லயும் ஒரு இடம் வழுக்கும், கெ கே கை கொ கோ கௌ. கொம்பு போட்டதெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி கண்ணுக்குத் தெரியறதால கெ பக்கத்துல கொ-வை வச்சுடுவாங்க, கை-யை எங்கயோ தள்ளிடுவாங்க. எ ஏ ஐ ஒ ஓ ஔ-ன்னு வாய்விட்டு சொன்னா ஐ நடுவுல நிக்கறது கேக்கும். கெண்டை, கேணி, கைப்பிடி, கொக்கு, கோவில், கௌதாரி. அதே மாதிரி ஊர்ப் பேர்ல திருவெறும்பூர், திருவையாறு, திருவொற்றியூர், எ ஐ ஒ, இந்த மூணும் அந்த வரிசைக்கு அழகான உதாரணம்.

இப்ப மாவட்டத்தை விட்டுட்டு ஊருக்கு வந்தா திரு குடும்பம் பெருசாயிடும். திருக்கடையூர், திருக்கழுக்குன்றம், திருக்கோவிலூர் மூணும் க்-ல, அது முதல் கூட்டம். கடை-யும் கழு-வும் க-வுல, அதுல ட முன்னாடி ழ பின்னாடி, கோ கடைசி. ச்-ல திருச்சி, திருச்சிராப்பள்ளி, திருச்செங்கோடு, திருச்செந்தூர். திருச்சியும் திருச்சிராப்பள்ளியும் ஒரே ஊர்தான், ஆனா லிஸ்ட்ல ரெண்டும் இருந்தா திருச்சி முதல்ல வரும், ஏன்னா ஒரு வார்த்தை முழுசா இன்னொரு வார்த்தைக்குள்ள அடங்கிடுச்சுன்னா சின்னதுதான் முன்னாடி, எழுத்து தீர்ந்துபோன இடம் எந்த எழுத்துக்கும் முன்னாடிதான். செங்கோடும் செந்தூரும் செ வரைக்கும் ஒண்ணு, அப்புறம் ங்-உம் ந்-உம். அடுத்து திருத்தணி, திருத்துறைப்பூண்டி, அடுத்து திருநள்ளாறு, திருநெல்வேலி, ப் கூட்டம் பெரிய கூட்டம், அதுக்கப்புறம் திருமங்கலம், திருமயம், வ்-ல திருவண்ணாமலை, திருவல்லிக்கேணி, திருவள்ளூர், திருவாரூர், திருவாலங்காடு, திருவிடைமருதூர், அப்படியே திருவொற்றியூர் வரைக்கும்.

ப் கூட்டத்தை ஏன் தனியா வச்சேன்னா அதுல ஒரு உண்மையான பிரச்சனை இருக்கு. திருப்பதி, திருப்பத்தூர். திருப்ப வரைக்கும் ஒண்ணு. அடுத்து ஒண்ணுல தி, இன்னொண்ணுல த். மெய் ஒண்ணுதான், த். ஒண்ணுல இகரம் ஒட்டியிருக்கு, ஒண்ணுல புள்ளி. புள்ளி முன்னாடியா பின்னாடியா?

இதுக்கு ரெண்டு பழக்கம் இருக்கு, ரெண்டுமே சரிதான், ஆனா ஒரே லிஸ்ட்ல ரெண்டையும் கலக்கக்கூடாது. ஒண்ணு, புள்ளி முதல்ல. எழுத்து அட்டவணையில வரிசையோட தலையில க் நிக்கும், அப்புறம் க கா கி-ன்னு ஓடும் இல்லையா, அந்த நினைப்பு. உயிர் எதுவும் ஒட்டாத எழுத்து, அதனால ஒட்டினதுக்கெல்லாம் முன்னாடி. இந்தக் கணக்குல பக்கம், பகல், பகைன்னு வரும், திருப்பத்தூர் முதல்ல, திருப்பதி அடுத்து. இன்னொண்ணு, புள்ளி கடைசில. சென்னைப் பல்கலைக்கழகம் 1924-லேந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா போட்ட தமிழ் லெக்சிகன்-ங்கிற பெரிய அகராதி இப்படித்தான் போகுது, க-லேந்து கௌ வரைக்கும் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் க் வரும். அதுல அகம், அகல் எல்லாம் முன்னாடியே வந்துடும், அக்காவைத் தேடினா பல பக்கம் தள்ளிப் போகணும். எனக்கு இது தெரியாத காலத்துல லைப்ரரில உக்காந்து அக்கம்-ங்கிற வார்த்தையை அகம்-க்கு முன்னாடி தேடித் தேடி இந்த வார்த்தையே இல்லன்னு முடிவு பண்ணி எழுந்து வந்திருக்கேன், ஒரு பெரிய அகராதியில அப்படி ஒரு சாதாரண வார்த்தை இல்லாம போகுமான்னு கூட யோசிக்கல. அதனால எந்த அகராதியை எடுத்தாலும் முதல்ல அக்கா எங்க இருக்கான்னு பாருங்க, அகம்-க்கு முன்னாடியா பின்னாடியான்னு. அஞ்சு நிமிஷத்துல அந்தப் புத்தகத்தோட பழக்கம் தெரிஞ்சுடும், அப்புறம் தேடறது சுலபம்.

இது சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும், ஆனா ஆள் பேர் லிஸ்ட்ல பாருங்க. செல்வம், செல்வமணி, செல்வகுமார், செல்வக்குமார், செல்வராஜ், செல்வன், செல்வி. புள்ளி முதல்னா செல்வக்குமார், செல்வகுமார், செல்வம், செல்வமணி, செல்வராஜ், செல்வன், செல்வி. புள்ளி கடைசின்னா செல்வகுமார், செல்வக்குமார், செல்வமணி, செல்வம், செல்வராஜ், செல்வன், செல்வி. ரெண்டு ஜோடி இடம் மாறிடுச்சு பாருங்க. நானா இருந்தா புதுசா ஒரு லிஸ்ட் போடும்போது புள்ளி முதல்னு வச்சுப்பேன், செல்வம் முன்னாடி வந்து செல்வமணி பின்னாடி வர்றதுதான் படிக்கிறவங்க எதிர்பாக்கறது. பரிட்சைக்கு? நீங்க படிக்கிற புத்தகம் எந்தப் பழக்கத்துல போகுதோ அதையே பிடிச்சுக்கோங்க, பெரும்பாலான கேள்வில மெய்யே வேற வேறயா இருக்கும், இந்தச் சண்டை வரவே வராது.

இன்னொரு பெரிய கண்ணி இருக்கு, அது தமிழுக்கே உரியது, புணர்ச்சி, அதாவது ரெண்டு சொல் சேரும்போது எழுத்து மாறறது. மரம்-ங்கிற வார்த்தையில ஆரம்பிக்கிறதெல்லாம் ஒண்ணா வரும்னு நினைச்சு தேடுவோம், வராது. மரக்கலம், மரக்கிளை, மரகதம், மரங்கொத்தி, மரணம், மரத்தூள், மரபு, மரம், மரவட்டை, இதுதான் வரிசை. மரங்கொத்தி மரத்துக்கு முன்னாடி வந்துடுச்சு, நடுவுல மரணம் வந்து நிக்குது. ஏன்னா நம்ம மனசுல இருக்கிற பொது பாதி மரம், ஆனா பேப்பர்ல இருக்கிற பொது பாதி மர மட்டும்தான், அந்த ம் போய் க்-ஆவும் ங்-ஆவும் த்-ஆவும் மாறிடுச்சு. அடுக்கும்போது அர்த்தத்தை முழுசா மறந்துடணும், எழுத்து என்ன எழுதியிருக்கோ அது மட்டும்.

மளிகை லிஸ்ட்லயே இது இருக்கு, பல்பொடியும் பற்பசையும். ரெண்டும் பல்லுக்குத்தான், ஆனா பல்பொடி ல்-ல நிக்குது, பற்பசை ற்-ல, நடுவுல பவளம், பழம், பள்ளி எல்லாம் வந்துடும். கல்வெட்டும் கற்சிலையும் இப்படித்தான், நடுவுல கழுகும் களிமண்ணும் இருக்கும். அகராதில ஒரு சொல்லைக் காணோம்னா சேந்து வர்றப்ப அது எப்படி மாறும்னு யோசிச்சு அங்கயும் ஒரு தடவை பாத்துடுங்க.

ஒட்டு மாறாம நிக்கிற குடும்பமும் இருக்கு, அதுல பழகினா கை நல்லா ஓடும். எனக்குப் பிடிச்சது முன். முன்னேற்றம், முன்பு, முன்னணி, முன்கோபம், முன்னோர், முன்பணம், முன்னுரை, முன்மாதிரி, முன்வாசல், முன்யோசனை, முன்பதிவு, முன்னாள், முன்னுரிமை, முன்தினம். பதினாலு வார்த்தை. இதைப் பாத்ததும் நிறைய பேர் முன்னணி, முன்னாள்னு முன்ன-வை எல்லாம் தூக்கி முதல்ல வைப்பாங்க, முன்-னு சொன்னதும் காதுல ன-தான் ஒலிக்கும், அந்த இழுப்பு. ஆனா ன கடைசி மெய், அதனால முன்ன கூட்டம் மொத்தமும் பின்னாடி. சின்ன வார்த்தையா இருக்கேன்னு முன்பு-வை முதல்ல வைக்கறதும் தப்பு, வார்த்தை குட்டியா நீளமாங்கிறது ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள அடங்கும்போது மட்டும்தான் கணக்கு. முன்கோபம் முதல், அப்புறம் முன்தினம். ப-வுல முன்பணம், முன்பதிவு, முன்பு, இதுல பணமும் பதிவும் ண த வரிசைல. அப்புறம் முன்மாதிரி, முன்யோசனை, முன்வாசல். கடைசியா ன கூட்டம், முன்னணி, முன்னாள், முன்னுரிமை, முன்னுரை, முன்னேற்றம், முன்னோர். உரிமையும் உரையும் ரி-யும் ரை-யும்தான் வித்தியாசம், இகரம் ஐகாரத்துக்கு முன்னாடி.

நான் செஞ்சதைக் கவனிச்சீங்கன்னா பதினாலையும் ஒரே மூச்சுல அடுக்கல. முதல்ல கூட்டம் பிரிச்சேன், க ஒரு பக்கம், த ஒரு பக்கம், ப ஒரு பக்கம், அப்புறம் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ள அடுக்கினேன். நிறைய வார்த்தை இருந்தா சீட்டு எழுதி தரையில பரப்பிப் பண்ணுங்க, முறத்துல அரிசி பிரிக்கிற மாதிரி பெருசு பெருசா பிரிச்சுட்டு அப்புறம் பொறுக்குங்க. பரிட்சைல நாலு ஆப்ஷன் இருக்கும்போது அதுவும் வேணாம், எது முதல்ல வரும் எது கடைசில வரும்னு ரெண்டு மட்டும் கண்டுபிடிங்க, பல நேரம் அதுலயே மூணு ஆப்ஷன் அடிபட்டுடும்.

ஒரே மாதிரி ஆரம்பிச்சா என்ன பண்றதுங்கிற இந்தக் கேள்வி நம்மகிட்ட ரொம்ப பழைய கேள்வி. பழைய நிகண்டுகள் சொல்லைப் பொருள் வாரியாத்தான் அடுக்கியிருக்கும், தெய்வப் பேர் ஒரு இடத்துல, மரப்பேர் ஒரு இடத்துலன்னு, அதை மனப்பாடம் பண்ணினவங்களுக்குத்தான் பயன்படும். 1594-ல சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டுன்னு ஒண்ணு செஞ்சார், அதுல சொற்கள் அகர வரிசைல வந்துது, ஆனா முதல் எழுத்துக்கு மட்டும்தான். அதாவது க-வுல ஆரம்பிக்கிறது ஒரு இடத்துல கிடைக்கும், அதுக்குள்ள நாமளே தேடிக்கணும், நம்ம பொண்ணு மாட்டிக்கிட்ட அதே இடம்தான். 1732-ல வீரமாமுனிவர் சதுரகராதி செஞ்சப்பதான் முதல் எழுத்தோட நிக்காம அடுத்தடுத்த எழுத்தையும் பாத்து அடுக்குற முறை வந்துது. அகரம் ஆதியா வர்றதாலதான் அகராதிங்கிற பேரே. இதை அவகிட்ட சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அப்ப நான் தடுமாறுனது தப்பில்லல்லன்னா. தப்பே இல்லடி, அந்த ஒரு படி ஏற நூத்தி முப்பத்தெட்டு வருஷம் ஆயிருக்குன்னேன்.

இனி கம்ப்யூட்டர்ல லிஸ்ட் போடறவங்களுக்கு. எங்க குலதெய்வம் கோயில் வரி லிஸ்ட் என் பொறுப்பு, நானூறு பேருக்கு மேல இருக்கும், ஷீட்ல ஏத்தி வரிசைப்படுத்துற சார்ட் (sort) பட்டனை அமுக்கி அப்படியே பிரிண்ட் எடுத்துட்டேன். கோயில்ல வச்சுப் பாத்தா பத்மாவுக்கு அடுத்து பன்னீர்செல்வம், அப்புறம் பரமசிவம், பழனி, பவானின்னு நிக்குது. பெரியவங்க தங்களோட பேரைத் தேடி கண்டுபிடிக்க முடியாம எங்க பேர் விட்டுப்போச்சான்னு கேட்டப்ப எனக்கு அவ்வளவு சங்கடமா போச்சு. சரியான வரிசை பத்மா, பரமசிவம், பவானி, பழனி, பன்னீர்செல்வம். இது ஏன் இப்படி ஆகுதுன்னா கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் எண் குடுக்கிற யூனிகோடுல தமிழ் எழுத்துகளை ஹிந்தி எழுதற தேவநாகரியோட கட்டங்களுக்கு நேரா வச்சிருக்காங்க, அதனால ன போய் ந-வுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு, ற ர-வுக்குப் பக்கத்துல, அப்புறம் ல ள ழ வ-ன்னு போகுது. தமிழ் வரிசை தெரிஞ்ச மென்பொருள் இதைச் சரி பண்ணிக்கும், தெரியாதது அந்தக் கட்ட எண்ணை வச்சே அடுக்கிடும். உங்களோடது எந்த வகைன்னு தெரிஞ்சுக்க பனை, பழம், பவளம், பறவை, பந்து அஞ்சையும் தட்டி சார்ட் பண்ணிப் பாருங்க. பந்து, பவளம், பழம், பறவை, பனைன்னு வந்தா நிம்மதியா நம்பலாம். பந்துக்கு அடுத்து பனை வந்தா நம்பாதீங்க.

நம்ப முடியாதப்ப நான் பண்றது, பக்கத்துல ஒரு பத்தி (column) போட்டு ஒவ்வொரு பேருக்கும் எண் எழுதி அந்த எண்ணை வச்சு அடுக்கறது. உயிருக்கு 01 முதல் 12, ஆய்தத்துக்கு 13, மெய்க்கு க் 21-ல ஆரம்பிச்சு ன் 38 வரைக்கும், ஜ ஷ ஸ ஹ அதுக்குப் பின்னாடி 39 முதல் 42, புள்ளிக்கு 00. பகல் 29 01 21 01 33 00, பக்கம் 29 01 21 00 21 01 30 00. மூணாவது ஜோடி வரைக்கும் ஒண்ணு, நாலாவதுல 01-உம் 00-உம், பக்கம் முன்னாடி. லெக்சிகன் மாதிரி புள்ளி கடைசில வேணும்னா 00-க்கு பதிலா 14 போட்டா போதும், முழு லிஸ்டும் மாறிடும். அந்தப் பத்தியை எண்ணா வைக்காம டெக்ஸ்டா வைங்க, இல்லன்னா முன்னாடி இருக்கிற சைபர் காணாம போயி அ ஆ-ல ஆரம்பிக்கிற பேரெல்லாம் தாறுமாறாயிடும். கையால நானூறு பேருக்கு எண் எழுத முடியாது, ஆனா கோடிங் தெரிஞ்ச காலேஜ் பசங்க வீட்டுல இருந்தா இந்த அட்டவணையைக் குடுத்தா ஒரு சாயந்தரத்துல முடிச்சுக் குடுத்துடுவாங்க, எனக்கு அப்படித்தான் ஆச்சு.

அப்படி அடுக்கறதுக்கு முன்னாடி லிஸ்டைக் கொஞ்சம் சுத்தம் பண்ணணும். இனிஷியல் முன்னாடி இருந்தா அதைத் தனிப் பத்திக்கு மாத்திடுங்க, இல்லன்னா க. முருகன் க-வுல போய் நிப்பார். முன் பணம்னு இடம் விட்டும் முன்பணம்னு சேத்தும் ரெண்டு விதமா இருந்தா ஒண்ணாக்குங்க. ஔ-வுக்கு பதிலா ஒ-வும் ள-வும் தட்டியிருக்காங்களான்னு பாருங்க, ஒளவையார்னு தட்டினது ஔவையார் பக்கத்துல வராது, ஒளி, ஒளிவு பக்கத்துல போய் ஒளிஞ்சுக்கும். கௌ-வும் அதே கதைதான், பாக்க ஒரே மாதிரி இருக்கும், கெ-யும் ள-வும் தட்டியிருந்தா கௌசல்யா கெ கூட்டத்துக்குப் போயிடுவா. ஜ ஸ ஹ எழுத்துக்கு வழக்கம் ரெண்டு இருக்கு, எல்லாத்துக்கும் பின்னாடி வைக்கறது ஒண்ணு, ஜ-வை ச-வுக்கு அடுத்து வைக்கறது இன்னொண்ணு. ஏதாவது ஒண்ணை முதல்லயே முடிவு பண்ணி லிஸ்டோட தலைப்புல எழுதிடுங்க, முன்ஜாமீன் மாதிரி வார்த்தை வரும்போது தேடறவங்களுக்கு உதவும்.

கடைசியா அவளுக்குக் குடுத்த பயிற்சியை உங்களுக்கும் தரேன், நல் குடும்பம், புணர்ச்சியும் சேந்து வர்றதால கொஞ்சம் மெதுவா பண்ணுங்க. நன்றி, நல்வரவு, நற்செய்தி, நவதானியம், நல்லெண்ணெய், நன்கொடை, நளபாகம், நல்லவர், நன்மை, நழுவு, நல்ல, நற்பணி. விடை: நல்ல, நல்லவர், நல்லெண்ணெய், நல்வரவு, நவதானியம், நழுவு, நளபாகம், நற்செய்தி, நற்பணி, நன்கொடை, நன்மை, நன்றி. நன்மையையும் நன்றியையும் மாத்தி வச்சிருந்தா ம ற வரிசையை மறுபடி சொல்லிப் பாருங்க, பம்பரம் முன்னாடி, பறவை பின்னாடி.